கட்டியங்காரனுக்கு யார் அனுமதி தருவது?

 

இரட்டைமலை சீனிவாசனார் நினைவாகப் பேசும் மேடையில் சிரிப்பைப் பற்றிப் பேசலாமா என்று நம்மில் சிலர் தயங்கினார்கள். தாராளமாகப் பேசலாம். பக்கத்தில் கோழியாளத்தில் பிறந்த அந்த மனிதர் 1893இல் பத்திரிகை தொடங்கியபோது, ஊரார் நம்மை வைது கூப்பிட்ட சொல்லையே எடுத்து ‘பறையன்’ என்று அதற்குப் பெயர் வைத்தார். திட்டியவன் அந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமென்றால் அதே சொல்லை மரியாதையாகச் சொல்லித்தான் கேட்க வேண்டும். வட்டமேசை மாநாட்டுக்குப் போன இடத்தில் மன்னர் கை நீட்டியபோது, “நான் தீண்டத்தகாதவன், தொட்டால் உங்களுக்குத் தீட்டு” என்று அவர் கையை இழுத்துக்கொண்டதாக நம் மேடைகளில் ஒரு கதை சொல்வார்களே, அதைக் கேட்கும்போதெல்லாம் நமக்குக் கோபத்தோடு சிரிப்பும் வருகிறது. கட்டியங்காரன் வேலை அது.

2022 பொங்கல் நேரத்தில் ஜீ தமிழ் தொலைக்காட்சியில் குழந்தைகள் நிகழ்ச்சி ஒன்றில் இரண்டு சிறுவர்கள் ராஜாவாகவும் மந்திரியாகவும் வந்தார்கள். வடிவேலுவின் இம்சை அரசன் சாயலில் ஒரு ராஜா. பணத்தைச் செல்லாது என்று அறிவித்த ராஜா, ஊர் ஊராகச் சுற்றும் ராஜா, விதவிதமாகக் கோட்டு போடும் ராஜா. பெயர் சொல்லவில்லை. ஆனாலும் பார்த்தவர்களுக்குப் புரிந்தது, தமிழக பாஜகவுக்கும் புரிந்தது. அவர்கள் புகார் கொடுக்க, ஏழு நாளில் விளக்கம் கொடு என்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தொலைக்காட்சிக்கு நோட்டீஸ் அனுப்பியது. பத்து வயதுகூட நிரம்பாத பிள்ளைகள் ஆடிய ஆட்டத்துக்கு தில்லியிலிருந்து ஓலை!

அந்தப் பிள்ளைகள் செய்தது புதிதல்ல. நம் பக்கத்துக் கூத்தில் திரை பிடித்ததும் முதலில் வருகிறவன் கட்டியங்காரன். ராஜா திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடுவார். இவன் முன்னால் நின்று, “நீர் யார், எந்த ஊர், எதுக்கு வந்தீர்” என்று கேட்பான். ராஜா தன் நாடு நகரம், படை பரிவாரம் எல்லாம் சொல்லி முடித்ததும், அதைத் தெரு பாஷைக்கு இறக்கி, பாதிப் பெருமையை உருவிவிட்டுத்தான் சபைக்குத் தருவான். துரியோதனன் வரி போட்டால் இவன் ரேஷன் கடை எடைக்கல்லைப் பேசுவான். விராடன் மாடுகளைப் பறிகொடுத்தால் இவன் சொஸைட்டிப் பால்கணக்கைப் பேசுவான். பாரதம் படித்தவன் விடிய விடிய உட்காருவது கதைக்காக. நம் ஜனம் தூங்காமல் உட்கார்ந்தது பெரும்பாலும் இவனுக்காக.

இந்தச் சிரிப்புக்கு விலங்கு செய்தது வெள்ளைக்காரன். 1876இல் வேல்ஸ் இளவரசர் கல்கத்தா வந்தபோது, அவரை வீட்டுப் பெண்களிடம் வரை அழைத்துப்போய் உபசரித்த ஒரு வக்கீலை அங்கே நாடகக்காரர்கள் கேலி செய்தார்கள். அந்த ஆண்டே நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. துரைக்குக் கூழைக்கும்பிடு போட்ட ஒருவரைப் பார்த்து ஊர் சிரித்ததற்காகப் பிறந்த சட்டம் என்பதை மறக்க வேண்டாம். சுதந்திரம் வந்த பிறகும் அதன் வாரிசு இங்கே உயிரோடு இருந்தது. எம். ஆர். ராதா ராமாயணத்தைத் தன் பாணியில் மேடையேற்றிக்கொண்டிருந்த 1954இல் சென்னை மாகாணம் தனியே ஒரு நாடகச் சட்டம் போட்டது. நாடகம் போடுகிறவன் வசனத்தை முன்கூட்டியே போலீசிடம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டிய நிலை தொடர்ந்தது. எழுத்தாளர் ஞாநி வழக்குப் போட்டு, 2013இல் உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதென்று சொல்லும்வரை இதுதான் கதை. சபா நாடகத்துக்கு விடுதலை கிடைத்தது. தெருக்கூத்துக்குக் கிடைத்ததா?

இப்போது கடிகாரத்தைப் பாருங்கள். தொலைக்காட்சிக்காரர்கள் 2011இல் தங்களுக்குத் தாங்களே வகுத்துக்கொண்ட விதிகளின்படி, பெரியவர்களுக்கான நிகழ்ச்சியை இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணிக்குள் காட்டலாம். குழந்தைகள் தூங்கிய பிறகு கொஞ்சம் காரமாகப் பேசிக்கொள்ளலாம் என்று பொருள். தெருவுக்கு என்ன விதி? 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழா என்றால் வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல், நள்ளிரவு 12 மணிவரை அரசு சலுகை தரலாம். வரவேற்பறையில் 11 மணிக்குத் திறக்கிற கதவு தெருவில் 10 மணிக்கே சாத்தப்படுகிறது. கூத்தோ 10 மணிக்குத்தான் களரி கட்டத் தொடங்கும். கட்டியங்காரனுக்கு நாக்கில் காரம் ஏறுவது நடுச்சாமத்துக்கு மேல்தான். நோயாளிகளும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் உள்ள தெருவில் ஒலிபெருக்கிக்கு அளவு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஒரு ஹார்மோனியம், ஒரு மிருதங்கம், ஒரு முகவீணை வைத்துக்கொண்டு நடக்கிற கூத்தையும், ஆளுயர ஸ்பீக்கரை லாரியில் அடுக்கிவரும் கச்சேரியையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள் என்கிறோம்.

நேரத்தைவிட நமக்குப் பெரிய கேடு நிபந்தனையில் இருக்கிறது. திருவிழாவில் ஆடல் பாடல் வைக்கப் போலீஸ் அனுமதி மறுத்து, விழாக் குழுவினர் உயர்நீதிமன்றம் போய் உத்தரவு வாங்கிவரும் வழக்குகளை நீங்கள் அறிவீர்கள். அந்த உத்தரவுகளில் திரும்பத் திரும்ப வரும் வரிகளைக் கவனித்திருக்கிறீர்களா? ஆபாசம் கூடாது, இரட்டை அர்த்தம் கூடாது, சரி. அடுத்த வரி: எந்தக் கட்சியையும் மதத்தையும் சமூகத்தையும் சாதியையும் குறித்துப் பாட்டோ வசனமோ இருக்கக் கூடாது. சாதிச் சண்டை வராமலிருக்கத்தான் இந்த வரி என்பார்கள். தெற்கே சாதிப் பெருமைப் பாட்டுப் போட்டு ஊர் பற்றி எரிந்ததை நாமும் பார்த்தவர்கள்தான். ஆனால், சாதியைச் சொல்லிப் பெருமையடிக்கிறவனுக்கும், சாதியால் பட்டதைச் சொல்லிச் சிரிக்கிறவனுக்கும் ஒரே பூட்டு. முதலாமவனுக்கு அந்தப் பாட்டு போனால் வேறு நூறு பாட்டு இருக்கிறது. கோயில், தேர், முதல் மரியாதை, தெரு எல்லாமே அவன் பெருமையைச் சத்தமில்லாமல் பாடிக்கொண்டிருக்கின்றன. நம் கலைஞனிடம் சாதியைப் பேசாதே என்றால், வாயைத் திறக்காதே என்பதற்கு அது கௌரவமான தமிழ்.

இந்த ஊரையே எடுத்துக்கொள்வோம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. 919, 921 என்று ஆண்டு சொல்கிறார்கள். 2020இல் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே இதைப் புகழ்ந்து பேசினார். நமக்கும் ஊர்ப் பெருமை உண்டு. ஆனால் அந்தச் சுவரிலேயே எழுதியிருக்கிறது: கால்வேலிக்கு மேல் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கட்டியங்காரன் இதைப் படித்துவிட்டுச் சபையில், “பனை ஏறி ஓல வெட்டினது யாரு? குடம் வனஞ்சது யாரு? ஓலையில பேரு எழுதறப்ப மட்டும் எங்கள எங்க போயி ஒளிச்சி வச்சீங்க சாமி?” என்று கேட்டால் என்ன ஆகும்? சாதியைக் குறித்த வசனம். நிபந்தனை மீறல். மைக்கை நிறுத்தலாம். கல்லில் வெட்டி வைத்ததைக் காப்பாற்ற தொல்லியல் துறை இருக்கிறது, அதைப் பார்த்துச் சிரித்தால் நிறுத்த ஸ்டேஷன் இருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி வரும், வரவும் வேண்டும். நம்மைக் கேலி செய்யும்போது மட்டும் தடை கேட்கிறோமே, அது என்ன நியாயம்? 2023இல் ‘குறவன் குறத்தி ஆட்டம்’ என்ற பெயரிலான ஆட்டத்தைத் தமிழக அரசு தடை செய்தது. குறவர் மக்கள் வெகுகாலம் போராடிப் பெற்ற தடை அது. உயிரோடு வாழ்கிற ஒரு சமூகத்தின் பெயரை ஆபாசத்துக்கு மேல்சட்டையாக மாட்டியிருந்தார்கள். கழற்றச் சொன்னது நியாயம். அதை ஆடிப் பிழைத்தவர்களும் ஏழைக் கலைஞர்கள்தான், அவர்கள் வயிற்றுக்கு யாரும் வழி சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கட்டியங்காரனும் யோக்கியன் இல்லை. வண்ணானையும் அம்பட்டனையும் பெண்களையும் மட்டந்தட்டிச் சிரிப்பு வாங்கியவன்தான் அவன். ராஜாவைக் கேலி செய்த அந்த வாய் நாட்டாமை வீட்டுத் திண்ணைப் பக்கம் திரும்பியதும் குறைவு. இன்று தொலைக்காட்சிக் காமெடியில் கறுப்பு நிறத்தையும் சேரிப் பேச்சையும் வைத்து ஓடுகிற கேலிக்கு எந்த அமைச்சகமும் ஏழு நாள் கெடு வைத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் தணிக்கைதானே என்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். நம்மை இழிவுபடுத்திப் பேசிய பிறகு, பொதுவெளியில், வேண்டுமென்றே பேசினான் என்று நிரூபித்தால்தான் அந்தச் சட்டம் தண்டிக்கும். பேசுவதற்கு முன்பே வசனத்தைக் கொண்டு வா என்று அது யாரையும் கேட்பதில்லை. 2021 புத்தாண்டு நாளில் இந்தூரில் முனாவர் பரூக்கி என்ற நகைச்சுவைக் கலைஞரைப் பிடித்தார்களே, அது வேறு. அன்று மேடையில் சொன்னதற்காக அல்ல, சொல்லக்கூடும் என்பதற்காக. உச்சநீதிமன்றம் பிப்ரவரியில் ஜாமீன் தரும்வரை ஒரு மாதத்துக்கு மேல் சிறை.

2025 மார்ச்சில் குணால் கம்ரா மும்பையில் ஏக்நாத் ஷிண்டேயைப் பாட்டுப் பாடிக் கேலி செய்து, அரங்கை அடித்து நொறுக்கினார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் குடியிருப்பவர் என்பதால் நம் உயர்நீதிமன்றத்துக்கு வந்து இடைக்கால முன்ஜாமீன் பெற்றார். பெற்றது சரியே. அதே விழுப்புரத்தில், அதற்கு வடக்கே நம் பக்கத்திலும், கூத்துக்காரரை நடு இரவில் நிறுத்தி மைக்கைப் பிடுங்கினால் அவருக்கு எந்த வக்கீல் வருவார்? அடுத்த ஊரில் தாம்பூலம் கொடுத்து ஒப்பந்தம் பேசியாயிற்று. மறுநாள் அங்கே ஆட வேண்டும், வழக்குக்கு அலைய முடியாது. பேசாமல் வேஷத்தைக் கலைத்துக்கொண்டு போவார். இந்தத் தணிக்கைக்குத் தீர்ப்பு நகல் கிடையாது, செய்தி கிடையாது.

ஆகையால் நம் மன்றம் செய்யக்கூடிய ஒன்றைக் கேட்டுக்கொள்கிறோம். வரும் சித்திரையில் பாரதம் வைக்கும் ஊர்களில் நம் இளைஞர்கள் மனு எழுதும்போது, ‘ஆடல் பாடல்’ என்று எழுதாமல் ‘தெருக்கூத்து’ என்றே எழுதட்டும். ஒலிபெருக்கி இல்லாமல் விடியும்வரை ஆடும் பகுதியைத் தனியாகக் குறிக்கட்டும். ‘சாதி குறித்த வசனம்’ என்ற நிபந்தனை வந்தால், சாதிப் பெருமை பேசமாட்டோம், சாதிக் கொடுமையைப் பேசுவோம் என்று எழுத்தில் பதில் கொடுக்கட்டும். மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் வாங்கி மன்றத்துக்கு அனுப்புங்கள், நாம் ஒரு கோப்பு வைத்திருப்போம். கட்டியங்காரன் வசனத்தின் நகலை ஸ்டேஷனில் கேட்டால், அவனுக்கு எழுத்துப்படி கிடையாது, அன்றைக்கு ஊரில் நடந்ததைப் பார்த்துத்தான் பேசுவான் என்று எழுதிக் கொடுத்துவிடலாம். அது உண்மையும்கூட.