நீர்க்கடுப்பும் நம் கஷாயமும்

(மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நீர்க்கடுப்பு வந்தால் நாம் வாய் திறப்பதில்லை. தண்டலிடமும் டிரெசரிடமும் எப்படிச் சொல்வது என்ற வெட்கம்! வீட்டில் நெருஞ்சில் முள்ளோ சிறுபீளையோ கஷாயம் வைக்கிறோம். மலாய்ச் சகோதரிகள் பூனைமீசை இலையைக் காய்ச்சுகிறார்கள். நீர் தாராளமாகப் பிரிய இவை உதவும் என்பது முன்னோர் அனுபவம்.

உடற்சூடுதான் காரணம் என்கிறோம். உண்மையில் குடற்கிருமி சிறுநீர்ப் பாதையில் ஏறுவதே பெரும்பாலும் காரணம். பெண்களுக்கு அப்பாதை ஏறத்தாழ 4 சென்டிமீட்டரே. தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடமில்லையே என்று விடியற்காலை முதல் நாவை நனைக்காமல் பால் வெட்டுகிறோம். வந்த நீரையும் அடக்குகிறோம். கிருமிக்கு அதுவே கொண்டாட்டம். அடிக்கடி இந்நோய் கண்ட பெண்கள் நாள்தோறும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தபோது, அது திரும்ப வருவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததென 2018-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று.

காய்ச்சல், குளிர், விலாவலி, நீரில் இரத்தம் இவற்றில் ஒன்று கண்டாலும் கஷாயத்தை நம்பித் தாமதிக்காதீர்கள். கிருமியைக் கொல்லும் மருந்து வேண்டும். பிந்தினால் சிறுநீரகம் கெடலாம். கர்ப்பிணிகள் கஷாயத்தைத் தொடாமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கஷாயம் நம் கையில். வெட்டுக்காட்டில் குடிநீரும் மறைவிடமும் நிர்வாகத்தின் கையில். வெட்கத்தை விடுவோம், இவ்விரண்டையும் சங்கமாய்ச் சேர்ந்து கேட்போம்!