ஒளியைத் தேடிக் கடல் கடந்தவர்

(யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற கலைக்கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



ஒளிப்பதிவாளர் ஒருவரைப் பற்றி அரசியல் மேடையினராகிய நாம் ஏன் பேசவேண்டும் என்று சிலர் வினவக்கூடும். மட்டக்களப்பு அமிர்தகழியிற் பிறந்தவரை யாழ்ப்பாணம் ஏன் போற்றவேண்டும் என்றும் வினவக்கூடும். பின்னைய வினாவுக்கு முதலில் விடை கூறுவோம்: வடக்கென்றும் கிழக்கென்றும் கலைஞனைக் கூறுபோடும் இனம் தலைநிமிர்ந்து நில்லாது. பாலு மகேந்திரா நம்மவர்.

1939இல் பிறந்த அவர், புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று 1969இல் தேறினார். ராமு காரியத்தின் 'நெல்லு' (1974) அவருக்குக் கேரள அரசின் விருதைத் தந்தது. கன்னடத்தில் 'கோகிலா', தமிழில் 'மூன்றாம் பிறை' ஆகிய இரண்டும் ஒளிப்பதிவுக்கான இந்தியத் தேசிய விருதுகளை ஈட்டின. மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' படத்துக்குக் கண்ணாக இருந்தவரும் இவரே. தமிழ்ச் சிறுகதைகளைக் 'கதை நேரம்' என்ற பெயரில் தொலைக்காட்சிக்குக் கொணர்ந்தார். 2014 பெப்ரவரி 13இல் சென்னையில் மறைந்தார்.

அவர் செய்த புதுமை யாது? நள்ளிரவுக் காட்சியிலும் நாயகியின் முகம் பட்டப்பகல் போல் மின்னிய காலம் அது. இவரோ சாளரத்தின் வழியே வரும் வெளிச்சத்தையே பெரிதும் நம்பினார். கண்டதைக் கண்டபடி கூறுபவனே நல்ல சாட்சி என்பது நாம் பயின்ற சட்டம். அதுவே அவருடைய கலையின் அறமுமாகும். 'வீடு' (1988) படத்தில் நடுத்தரக் குடும்பப் பெண்ணொருத்தி சிறு வீடொன்று கட்டப் படும் பாட்டைக் காட்டினார். போரில் வீடிழந்து, கல்லுக்கும் சீமெந்துக்கும் அலைந்த நமக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

அத்தகையவர் ஏன் கடல் கடந்தார்? இலங்கையின் முதல் தமிழ்ப் படமான 'சமுதாயம்' 1962இல்தான் வெளிவந்தது. தென்னிந்தியப் படங்களே நம் கொட்டகைகளை நிரப்பின, கற்பதற்குக் கல்லூரியில்லை. 1977இல் யாழ்ப்பாணத்து வாழ்வையும் சாதியின் கொடுமையையும் 'பொன்மணி'யாகத் தமிழில் எடுத்தவரும் தர்மசேன பத்திராஜா என்னும் சிங்களக் கலைஞரே. அவரை நன்றியோடு நினைக்கிறோம். ஆயினும் நம் கதையை நாமே பதிவுசெய்யும் வலிமை நமக்கு வேண்டாமா?

1981இல் நூலகம் எரிந்தபோது ஏடுகளை இழந்தோம். பதிவுகளைக் காப்பதும் அரசியற் கடமையே என்பதை அத்தீ நமக்குக் கற்பித்தது. ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம். பழைய படச்சுருள்களையும் ஒளிப்படங்களையும் பேணப் பொதுக் காப்பகம் ஒன்று வேண்டும். வறிய மாணவருக்கு, சிறப்பாகப் பெண்களுக்கு, ஒளிப்பதிவு பயில உதவிநிதி வேண்டும். திருமண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் கமரா சுமக்கும் நம் இளைஞரை வெறும் கூலியாளராக எண்ணாது, கலைஞராக மதிக்கும் மனம் வேண்டும்.

கற்கக் கடல் கடப்பது தவறன்று. திரும்பிவரத் தொழில் இல்லாமையே அவலம். அந்த அவலத்தை நீக்குவதே பாலு மகேந்திராவுக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.