கடற்கோளும் நமது கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26ஆந் திகதி காலையில் எங்களுட் சிலர் தொட்டிலிற் கிடந்தோம், சிலர் பிறக்கவேயில்லை. அன்றைய கதையைச் சொல்லும் உரிமை உங்களுக்கே உரியது. அதனைச் சொல்லுமாறு கேட்கவே இம்மேடையில் நிற்கின்றோம்.

நாங்கள் மிஷன் பாடசாலையிற் பயின்றவர்கள். பூமிசாஸ்திர வகுப்பில் ஜப்பானின் எரிமலைகளைப் படித்தோம். நாவலடியின் கதையைப் படிக்கவில்லை. வீட்டிற் கேட்டாலோ அம்மம்மாவின் கண் கலங்கும், பேச்சு நின்றுவிடும்.

நடந்தது என்ன? சுமாத்திராவின் மேற்குக் கடலடியில், இலங்கை நேரப்படி காலை 6.59 மணியளவில், 9.1 அளவான பூமியதிர்ச்சி உண்டாயிற்று. நமக்கும் அதற்கும் இடையே சுமார் 1,600 கிலோமீற்றர் தூரம். அலை நம் கரையை அடைய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் சென்றது. அவ்வளவு அவகாசம் இருந்தும் எச்சரிக்கை ஒன்றும் வந்து சேரவில்லை. வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நாவலடியும், திருச்செந்தூரும், கல்லடிக் கரையும் பேரழிவுக்குள்ளாயின. இலங்கை முழுவதிலும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

அவ்வதிர்ச்சிக்கு மிக அண்மையிலே சிமெலுவே என்றொரு தீவு உண்டு. அங்கே 1907ஆம் ஆண்டிலும் ஒரு கடற்கோள் நிகழ்ந்தது. நிலம் பலமாக ஆடினால் மேட்டுக்கு ஓடவேண்டும் என்று மூத்தோர் அன்றுதொட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். 2004இல் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர் ஏழு பேரே. கருவியில்லாத ஊரைக் கதை காத்தது.

நமது நிலை சற்று வேறு. தூரத்து அதிர்ச்சியை நம் கால்கள் உணரும் என்று நம்பியிருத்தல் ஆகாது. கடல் உள்வாங்குவதைக் கண்டபின் ஓடலாம் என்பதும் பிழை. அன்று நம் கரைக்கு முதலில் வந்தது ஏறிய நீரே. ஆகவே, விரைந்து வரும் செய்தியே நமக்குக் காவல். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைந்தது. 117 என்பது அதன் தொலைபேசி இலக்கம். 2012ஆம் ஆண்டு ஏப்பிரல் 11ஆந் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவான அதிர்ச்சி நிகழ்ந்தபோது எச்சரிக்கை வந்தது. கரையோர மக்கள் வெளியேறினர். பேரலை வரவில்லை. வராத அலைக்கு ஓடினோமே என்று சிரிப்பவர் உளர். சிரிப்பதற்கு உயிரோடிருப்பதே பெரிய இலாபம் அல்லவா?

அலை வடிந்தபின் தண்ணீராலே இரண்டாவது ஆபத்து வருகின்றது. அன்று கிணறுகளில் உப்பும் அழுக்கும் நிறைந்தன. நமது மணற்றரையில் நன்னீர், உப்புநீரின்மேல் மெல்லிய படையாக நிற்பது. இயந்திரம் வைத்து அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலேறும். மாரி மழையே அதனை மீட்கும். குளோரின் கிருமியைக் கொல்லும், உப்பை அகற்றாது. வயிற்றோட்டம் கண்ட குழந்தைக்கு, கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து ஊட்டிக்கொண்டே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். அன்று நாட்டிலே பெருங் கொள்ளைநோய் பரவவில்லை. அது பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் தாதியரும் தொண்டரும் பட்ட பாட்டின் பயன்.

சங்கம் செய்யவேண்டியவை மூன்று. தெருத்தோறும் முதியோர், கர்ப்பிணிகள், நடக்க இயலாதோர் பெயரை எழுதி, ஒவ்வொருவருக்கும் ஓர் இளைஞனைப் பொறுப்பாக்குவோம். கோயில் மணியும் தேவாலய மணியும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் ஒரே குறிப்பில் எச்சரிக்க உடன்பாடு காண்போம். மூன்றாவது, பெண்பிள்ளைகளுக்கு நீச்சல். அயல் மாவட்டமாகிய அம்பாறையில் நடந்த ஆய்வு, பெண்களும் சிறுவரும் முதியோருமே மிகுதியாக மாண்டனர் என்று காட்டிற்று. வாவிக்கரையிற் பிறந்த பெண்பிள்ளைக்கு நீந்தத் தெரியாதிருத்தல் நமக்கு அழகன்று. தாய்மார்களே, இதற்கு உங்கள் சம்மதம் வேண்டும்.

பெரியோர்களே! வருகின்ற டிசம்பர் 26ஆந் திகதி சுடர் ஏற்றியவுடன் வீடு திரும்பாதீர்கள். எங்கே நின்றீர்கள், எவ்வழி ஓடினீர்கள், யாரைக் கைவிட நேர்ந்தது என்பதைச் சொல்லுங்கள். அழுகை வந்தால் அழுங்கள், நாங்கள் அருகிருப்போம். நீங்கள் சொல்லாத கதை உங்களோடு போய்விடும். சொன்ன கதையோ எங்கள் பிள்ளைகளின் உயிரைக் காக்கும்.