வெளிநாட்டு ஹோட்டலில் கேட்டுச் சாப்பிடுவோம்

(மும்பை மாட்டுங்காவில் நடந்த மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இல்லாதவர்கள் கை தூக்குங்கள் என்றேன். நாலைந்து கைகள்தான் தெரிகின்றன. செம்பூரில் பாதி வருஷம், நியூஜெர்சியிலோ லண்டனிலோ மீதி என்று நம்மில் பலருக்குக் காலம் ஓடுகிறது. அங்கே போனால் வாரத்தில் ஒரு வேளையாவது வெளியில் சாப்பாடு. அந்த மேஜையில் நமக்கு என்ன உரிமை என்று பேசும்படி செயலாளர் பணித்தார்.

இங்கே ஸ்டேஷன் பக்கத்தில் 1942 முதல் ராமா நாயக் நடக்கிறது. மாடி ஏறியதும் கவுண்டரில் பணம் கட்டி டோக்கன் வாங்கிக்கொண்டு, பிறகுதான் இலை முன் உட்காருகிறோம். விலை முன்கூட்டியே தெரியும். சாம்பாரில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்பதும் தெரியும். அந்த நிச்சயத்திலேயே வளர்ந்தவர்கள் நாம். விமானம் ஏறியதும் அந்த இரண்டு நிச்சயமும் போய்விடுகின்றன. நம் நம்பிக்கை மட்டும் கூடவே வருகிறது.

என் அனுபவத்தையே சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் லண்டனில் பெண், மாப்பிள்ளை, பேத்தியுடன் ஒரு ரெஸ்டாரன்டுக்குப் போனோம். மெனுவில் 'வெஜிடபிள் சூப்' என்று இருந்தது. என் மனைவி பாதி சாப்பிட்டதும், "வாசனை என்னவோ மாதிரி இருக்கே" என்றாள். சர்வரைக் கேட்டேன். "கறித்துண்டு எதுவும் கிடையாது சார், கோழி வேகவைத்த தண்ணீரில் செய்தது" என்றார் சாதாரணமாக. நான் மானேஜரைக் கூப்பிடப் போனேன். "அப்பா, எல்லாரும் பாக்கறா, விட்டுடுங்கோ" என்றாள் பெண். விட்டுவிட்டேன். மனைவி மறுநாள் உபவாசம் இருந்தாள். ஊர் திரும்பும் வரை வெளியில் ஒரு வாய் சாப்பிடவில்லை. பேத்தியின் பிறந்தநாள் விருந்தில்கூட டப்பாவில் தயிர்சாதம் கொண்டுவந்து ஓரமாக உட்கார்ந்திருந்தாள். முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கத்தில் எத்தனையோ பேரைக் கேள்வி கேட்டவன், அன்று ஒரே ஒரு கேள்வியை முன்னாலேயே கேட்கவில்லை. அது இன்னும் என் மனதில் உறுத்துகிறது.

அதன் பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். பிரிட்டனில் 1990-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்குபவர் கேட்ட தன்மையில் இல்லாத உணவைக் கொடுப்பது குற்றம். 'கேட்ட' என்ற சொல்லைக் கவனியுங்கள். 'கோழி, மாடு, மீன் எந்தச் சாறும் கலக்காததா?' என்று முதலில் கேட்டுவிட்டால், பிறகு தவறு நடந்தால் பொறுப்பு அவர்களுடையது. கேட்காவிட்டால் நம் கட்சி பலவீனம்.

நம் நாட்டில் பாக்கெட் உணவுக்குச் சைவ, அசைவ அடையாளம் கட்டாயம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அப்படிக் கட்டாய அடையாளம் கிடையாது. 'வெஜிடேரியன்' என்ற சொல்லுக்கே சட்டத்தில் வரையறை இல்லை. ஐரோப்பிய நாடுகளில் 2014 டிசம்பர் முதல் ஹோட்டல்களும் ஒவ்வாமை தரும் 14 பொருள்களைப் பற்றித் தகவல் தர வேண்டும். பிரிட்டனிலும் அதே பட்டியல்தான். முட்டை, மீன், பால், கடுகு, எள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் கோழியோ மாடோ இல்லை, ஏனெனில் அந்தப் பட்டியல் அலர்ஜிக்காக ஏற்பட்டது. அதைப் பார்த்துவிட்டுச் சைவம் என்று முடிவு கட்டக் கூடாது. தாய்லாந்துச் சமையலில் மீன் சாஸ், ஜப்பானிய மிசோ சூப்பில் மீன் சாறு, வூஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன், பார்மிசான் சீஸில் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த உறைபொருள். இவை கண்ணுக்குத் தெரியாதவை.

கேட்டதால் பலன் உண்டா என்றால், உண்டு. 1990-ல் மெக்டொனால்ட்ஸ் கம்பெனி அமெரிக்காவில் தன் உருளைக்கிழங்கு வறுவலை இனித் தாவர எண்ணெயில்தான் பொரிப்போம் என்று அறிவித்தது. நம்மவர்கள் நம்பிச் சாப்பிட்டார்கள். ருசிக்காக மாட்டிறைச்சியிலிருந்து எடுத்த பொருள் சேர்ப்பது பிறகு தெரிந்தது. 2001-ல் ஹரீஷ் பார்த்தி என்ற வழக்கறிஞர் சியாட்டிலில் வழக்குத் தொடுத்தார். 2002-ல் கம்பெனி மன்னிப்புக் கேட்டு, சைவ உணவு அமைப்புகள், ஹிந்து அமைப்புகள் முதலியவற்றுக்கு 1 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. ஆனால் ஒன்று: அமெரிக்காவில் இன்றும் அந்த வறுவலில் அந்தப் பொருள் சேருகிறது. இப்போது பட்டியலில் எழுதியிருக்கிறார்கள். படிப்பது நம் வேலை.

இனி பில். சிங்கப்பூரில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதையும் சேர்த்த தொகை மேல் 9 சதவீதம் வரி. 100 டாலர் சாப்பாடு 119 டாலர் 90 சென்ட் ஆகும். லண்டனில் 12.5 சதவீதம் சேர்த்து, பக்கத்தில் 'விருப்பப்பட்டால்' என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அப்படியிருந்தால் எடுக்கச் சொல்லலாம். அந்தப் பணம் முழுவதும் ஊழியருக்கே சேர வேண்டும் என்பது 2024 அக்டோபர் முதல் அங்கே சட்டம். அமெரிக்காவில் கதை வேறு. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மத்திய சட்டப்படி முதலாளி தர வேண்டிய குறைந்தபட்ச ரொக்கக் கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட்தான். சில மாநிலங்களில் அதிகம். அங்கே உரிமை பேசி டிப்ஸ் தராமல் வந்தால் நஷ்டப்படுவது அந்தச் சர்வர் பையன்தான். பில்லில் டிப்ஸ் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து, இரண்டு தடவை கொடுக்காமல் இருந்தால் போதும்.

பிள்ளைகளோடு பப்புக்குப் போக நேர்ந்தாலும் சங்கடப்பட வேண்டாம். இங்கிலாந்தில் மது விற்க உரிமம் பெற்று அங்கேயே அருந்த அனுமதிக்கும் கடைகள், வாடிக்கையாளர் கேட்டால் குடிக்கும் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும். இதிலும் 'கேட்டால்' என்றுதான் இருக்கிறது.

நம் நாட்டிலும் இதே கதைதான். பில்லில் தானாகவே சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் நெறிமுறை வெளியிட்டது. ஹோட்டல்காரர் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28-ல் நெறிமுறை செல்லும் என்று தீர்ப்பளித்தது. சங்கங்கள் மேல்முறையீடு செய்தன. புகார் சொல்ல 1915 என்ற எண் இருக்கிறது.

ஆகவே ஆர்டர் கொடுக்கும் முன் மூன்று கேள்விகள். எந்தச் சாற்றில் செய்தது? எந்த எண்ணெயில், வேறு எது பொரித்த சட்டியில்? விலைக்கு மேல் என்னென்ன சேரும்? குரலை உயர்த்த வேண்டாம், சிரித்த முகத்தோடு கேட்கலாம்.

போன வருஷம் மறுபடி லண்டன் போனோம். பேத்தி இப்போது காலேஜ் படிக்கிறாள். சர்வர் வந்ததும் எங்களுக்கு முன் அவளே மூன்றையும் கேட்டாள். அவர் உள்ளே போய்ச் சமையற்காரரை விசாரித்து வந்து, "இரண்டு ஐட்டம் உங்களுக்கு ஆகாது, மற்றதெல்லாம் சரி" என்றார். யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் மனைவி டப்பாவைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.