நெடுநாள் விரும்பிய ஒரு சித்திரம்
(மன்றத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வழக்கமாகச் சமயச் சொற்பொழிவுக்கென்று ஒதுக்கப்படும் இந்நேரத்தில், ஒரு படத்தைப் பற்றிப் பேசும்படி செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். படம் என்றதும் சினிமாப் படம் என்று எண்ணிவிடாதீர்கள். கடதாசியில் கறுப்பு மையினால் வரைந்த ஒரு கோட்டுச் சித்திரம். கண்ணனும் ராதையும் இருக்கிறார்கள். வரைந்தவர் நம் கண்டி நகரத்தில் பிறந்த ஜோர்ஜ் கீட் அவர்கள். நான் அதை முதன்முதல் கண்டு ஆசைப்பட்ட நாளுக்கும், அது என் வீட்டுச் சுவருக்கு வந்து சேர்ந்த நாளுக்கும் இடையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன.

கீட் யார் என்று இளைஞர் சிலர் கேட்கக்கூடும். கேட்பதிலே வெட்கமில்லை, நம் பாடசாலைகள் இவரைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. 1901ஆம் ஆண்டு இந்நகரில் ஒரு பறங்கியர் குடும்பத்தில் பிறந்தார். திரித்துவக் கல்லூரியில் பயின்றார். பிறந்த குடும்பம் ஆங்கில நடையுடை பாவனைகளிலே வாழ்ந்தது. அவர் மனமோ பௌத்த விகாரைகளிலும் இந்து புராணங்களிலும் போய்த் தங்கியது. கண்டியைச் சுற்றிய சிங்களக் கிராமங்களிலே பல ஆண்டுகள் குடியிருந்தார். சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூடா கொழும்பில் தம் நாட்டுப் பிரதிநிதியாக இருந்த காலத்திலேயே, 1930இல், இவர் ஓவியங்களைப் பாராட்டி எழுதினார். அப்பொழுது கீட்டுக்கு வயது முப்பதுகூட நிறையவில்லை! பொரளையிலுள்ள கோதமி விகாரையின் சுவர்களில் 1939, 1940 ஆண்டுகளில் புத்தர் சரிதத்தை எழுதினார். 1943இல் லயனல் வென்ட் முதலியோர் கூட்டிய ‘43 குழு’விலும் இடம்பெற்றார். கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சித்திரமும் வரைந்தார். 1993இல் காலமானார். கொழும்புக்குப் போகும் அன்பர்கள் கோதமி விகாரைக்கு ஒருமுறை சென்று வாருங்கள். 

இனி என் கதைக்கு வருகிறேன். பேராதனையில் நான் மாணவனாயிருந்தபோது, செலவுக்காகக் கண்டியில் ஒரு வைத்தியர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவர் தமிழர். அவ்வீட்டு உள்விறாந்தையில் இச்சித்திரம் தொங்கியது. ராதையின் நெற்றியிலே தொடங்கும் கோடு மூக்கு, உதடு, கழுத்து, தோள் என்று எங்கும் அறாமல் இறங்கி, கண்ணனுடைய கையாக மாறிவிடுகிறது. எந்த இடத்தில் ராதை முடிகிறாள், எந்த இடத்தில் கண்ணன் தொடங்குகிறான் என்று விரலை வைத்துக் காட்ட முடியாது. பாலும் நீரும் போல என்று பிரசங்கிகள் சொல்ல நூறு தடவை கேட்டிருந்தேன். அதன் பொருள் அந்த விறாந்தையிலேதான் எனக்கு விளங்கிற்று. பிள்ளைகள் கணக்குச் செய்யும் அரைமணி நேரமும் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அச்சுப்படம் ஒன்று வாங்கினால் போதாதா என்று கேட்பவர் உண்டு. அச்சுப்படத்தை நான் இழித்துப் பேசமாட்டேன். ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சுக்கூடம் வைத்திராவிட்டால் நம் பாட்டன்மார் வீட்டிலே இலட்சுமியும் சரஸ்வதியும் ஏது? கோவில்பட்டிக் கொண்டையராஜு அவர்கள் வரைந்த முருகன் கலண்டர்களாக வந்து, எத்தனையோ வீடுகளின் சுவாமி அறைகளில் இன்றும் தீபாராதனை பெறுகிறான். வழிபாட்டுக்கு அது நிறைவானதே. ஆனால் கோட்டுச் சித்திரம் என்பது கையின் வேகம். எங்கே மை தடித்தது, எங்கே பேனை ஒரு கணம் தயங்கிற்று என்பதெல்லாம் மூலத்திலேதான் தெரியும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: வழக்கமான அச்சிலே சாம்பல் நிழல் எல்லாம் சிறுசிறு புள்ளிகளாகப் பிரிந்துவிடும், மையினால் எழுதிய கோடு தாளின் நாரிலே ஊறி நிற்கும்.

இந்தப் பூதக்கண்ணாடி எனக்கு ஒருமுறை உதவியது. கீட் பெயர் விலையேறிய பின் போலிகளும் பெருகின. வெளியூர்க் கடையொன்றில் மிக மலிவாக ஒரு ‘கீட்’ இருக்கிறது என்று நண்பர் ஒருவர் அழைத்துப்போனார். கையொப்பம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் கோடு நடுங்கியது. பார்த்து எழுதுகிறவனுடைய கோடு அது. யாரிடமிருந்து வந்தது என்று கேட்டேன். மூன்று கேள்விக்கு மூன்று கதை வந்தது. கும்பிடு போட்டு வந்துவிட்டேன். கையொப்பத்தைப் போலச் செய்வது எளிது. ஒரு வீட்டிலே நாற்பது ஆண்டு தொங்கிய வரலாற்றைப் போலச் செய்வது கடினம்.

அந்த வைத்தியர் 1983க்குப் பின் குடும்பத்தோடு கனடாவுக்குப் போனார். ஏன் போனார் என்று இச்சபைக்கு விளக்க வேண்டுவதில்லை. வீடு பூட்டிக் கிடந்தது. சித்திரம் ஓர் உறவினர் வீட்டு அலுமாரிக்குள் இருந்தது. பல ஆண்டு கழித்துக் கொடுக்கல் வாங்கலை முடிக்க வந்த மகள் என்னைத் தேடிவந்து, “மாஸ்டர், அப்பா இருந்தபோது இதை நீங்கள் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். விற்பதென்றால் முதலில் உங்களைக் கேட்கச் சொன்னவர்” என்றாள். கொழும்பு வியாபாரிகள் சொன்னதிலும் குறைவாகவே விலை கேட்டாள். அதுவும் என் ஓய்வூதியத்தில் பல மாதப் பணம்!

வீட்டிலே போர் மூண்டது. “கிணத்து மோட்டர் பழுதாய்க் கிடக்குது, நீங்கள் கோடு கிழிச்ச கடதாசி வாங்கப் போறியளோ?” என்றாள் மனைவி. அதற்கு நியாயமான மறுமொழி என்னிடம் இல்லை. இரண்டு ஆண்டு மாலை வகுப்பு எடுத்து அடைப்பதாகச் சொல்லி வாங்கினேன். மோட்டரும் திருத்தினோம், தவணையிலே. இப்பொழுது வருகிறவர்களுக்குச் சித்திரத்தை விளக்கிச் சொல்பவள் அவளே. நான் பேச இடம் கிடைப்பதில்லை.

பெரியவர் ஒருவர் வந்து பார்த்து, ராதையின் மார்பு திறந்திருக்கிறதே, குடும்பம் இருக்கும் வீட்டுக்கு இது தகுமா என்றார். அவர் மனத்தை நான் மதிக்கிறேன். கோயில் கோபுரத்துச் சுதைகளை அண்ணாந்து பார்க்கும்போது நமக்கு அக்கேள்வி எழுவதில்லை. தாளிலே, கண்ணுக்கு நேரே வரும்போது எழுகிறது. அவருக்காக நான் படத்தை உள்ளறைக்கு மாற்றவில்லை. மறுமுறை வந்தவர் சற்று அதிக நேரம் நின்றார். அவ்வளவுதான் சொல்வேன்.

காப்பதுதான் பெரும்பாடு. கண்டியின் மழைக்காலம் தாளுக்குப் பகை. கண்ணாடி தாளிலே ஒட்டாதபடி இடைவெளி விட்டுச் சட்டம் போடவேண்டும். பின்பலகைக்கு அமிலமில்லாத அட்டை வேண்டும். நேர்வெயில் படவே கூடாது. வெளிச்சுவரிலே மாட்டினால் ஈரம் ஊறிப் பூஞ்சணம் பிடிக்கும். பிளாஸ்டிக் உறைபோட்டு ஒட்டித்தருகிறேன் என்பவரிடம் படத்தைக் கொடாதீர்கள்.

எனக்குப் பின் இது எங்கே போகும்? என் பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். இங்கே எனக்கு நினைவு வருபவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவராயிருந்தபோதே அவர் கண்டிக் கம்மாளரின் கைவினையைத் தேடி ஆராய்ந்தார். அதன் பயன் 1908இல் வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை என்னும் பெருநூல். பின்னர் வட இந்தியாவெங்கும் அலைந்து இராசபுத்திர ஓவியங்களைச் சேர்த்தார். அவற்றிலும் கண்ணனும் ராதையும் நிறைந்திருக்கிறார்கள். காசியிலே ஓர் அருங்காட்சியகம் அமைத்தால் அத்தனையும் தருகிறேன் என்றார். அமைப்பார் இல்லை. 1917இல் அத்தொகுதி அமெரிக்காவிலே போஸ்டன் நகரத்து நுண்கலைக் காட்சிச்சாலைக்குப் போயிற்று. அவரும் அங்கேயே பணியேற்று, 1947இல் இறக்கும் வரை இருந்தார். படங்கள் போஸ்டனில் நன்றாகக் காப்பாற்றப்படுகின்றன, அதிலே குறை இல்லை. கொடுக்க ஒருவர் இருந்தும் வைக்க ஒரு சுவர் இல்லாமற் போனதே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஆகையால் என் சித்திரத்தை இம்மன்றத்துக்கு எழுதிவைக்க விரும்புகிறேன். கண்டியிலே வரைந்தது கண்டியிலே இருக்கட்டும். வைத்தியர் வீட்டுப் பெயர், அது தொங்கிய இடம், மகள் எழுதித்தந்த பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஓர் உறையிலிட்டு வைத்திருக்கிறேன். ஆனால் சென்ற ஐப்பசியில் இம்மண்டபத்துக்கு வந்தபோது மேடைக்குப் பின்சுவரில் நீர் வழிந்ததைக் கண்டேன். வாசகசாலைச் சுவரும் அப்படியே. எந்தச் சுவர் உலர்ந்தது என்று இரண்டு மழைக்காலம் பார்த்து இளைஞர்கள் எனக்கு அறிவிக்கட்டும். அதுவரையில் படம் என் வீட்டிலே இருக்கும். ஞாயிறு காலை பத்து மணிக்கு முன் வாருங்கள், வெளிச்சம் அப்பொழுதுதான் சரியாக இருக்கும். ஒரே நேரத்தில் நாலைந்து பேருக்கு மேல் வேண்டாம், உள்விறாந்தை சிறிது.