குதிரைகளுக்கு ஒரு ஹாஸ்டல்

(சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே சுருக்கி எழுதித் தந்திருக்கிறேன்.)



மெக்கானிக்கல் படித்தவன் எதைப் பற்றிப் பேசுவான்? "ரோபோ, எலெக்ட்ரிக் கார்னு ஏதாவது சொல்லுப்பா" என்றுதான் செயலாளர் அண்ணன் போனில் கேட்டுக்கொண்டார். அதையெல்லாம் என்னைவிட நன்றாகப் பேச இந்த அரங்கிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து, உங்களுக்குத் தெரியாத ஒரு தொழில் உண்டென்றால் அது குதிரை லாயம் நடத்துவது. அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகருக்கு வடக்கே, நானும் ஓர் அமெரிக்க அம்மையாரும் கூட்டாக இருபத்து நான்கு அறைகள் கொண்ட லாயம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறோம். பகலில் எனக்குக் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. காலையிலும் மாலையிலும் குதிரை.

"எச்1பி-யில் போனவனுக்குச் சொந்தத் தொழில் எப்படி?" என்று முன் வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயமான கேள்வி. என் மனைவி அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அந்த வழியில் எனக்குக் கிரீன் கார்டு சீக்கிரம் கிடைத்தது. இல்லாவிட்டால் நானும் உங்களைப் போல வரிசையில்தான் நின்றுகொண்டிருப்பேன்.

அந்த ஊர்ப்பக்கம் குதிரை என்பது பணக்கார வீட்டுப் பொருள் மட்டுமல்ல. கொலம்பஸில் ஒவ்வோர் அக்டோபரிலும் குவார்ட்டர் ஹார்ஸ் இனக் குதிரைகளுக்கென்றே காங்கிரஸ் என்ற பெரிய காட்சி நடக்கிறது. 1967-லிருந்து நடந்து வருகிறது. பள்ளி ஆசிரியை, நர்ஸ், லாரி ஓட்டுபவர் என்று எல்லோரும் குதிரை வைத்திருக்கிறார்கள். வைத்திருக்கிறார்களே தவிர, கட்டிப்போட இடம் இல்லை. அவர்களுடைய குதிரைக்கு அறை, தீனி, தண்ணீர், மேய்ச்சல், பாதுகாப்பு எல்லாம் கொடுத்து மாதாமாதம் கட்டணம் வாங்குவதுதான் போர்டிங். சுருக்கமாகச் சொன்னால் குதிரைகளுக்கு ஹாஸ்டல். குதிரையைப் பழக்கித் தருவது, ஏறுவதற்குக் கற்றுத் தருவது இரண்டும் தனி வருமானம். அவற்றை என் கூட்டாளி அம்மையார் பார்த்துக்கொள்கிறார். கணக்கு, கட்டடம், தண்ணீர், மின்சாரம், வைக்கோல், சாணம் இவை என் இலாகா.

நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் டிவைடிங் சிஸ்டம் ஞாபகம் இருக்கிறதா? மாதக் கடைசியில் ஆன செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துவிடுவார்கள். விலை ஏறினால் பில் ஏறும், மெஸ் நஷ்டப்படாது. லாயத்தில் அது நடக்காது. மாதம் இவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வைக்கோல் விலை ஏறினாலும், மழை பொய்த்தாலும் அதே தொகைதான். அடுத்த லாயம் என்ன வாங்குகிறதோ அதைப் பார்த்துத்தான் பெரும்பாலோர் விலை வைக்கிறார்கள். அந்த அடுத்த லாயக்காரர் யாரைப் பார்த்து வைத்தார்? நம்மைப் பார்த்துத்தான்!

ஒரு மாதிரிக் கணக்கு சொல்கிறேன். ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரை நாளொன்றுக்கு அதன் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவிகிதம் வரை உலர்புல் தின்னும். அங்கே பவுண்டுக் கணக்கு என்பதால் நாளுக்கு 20 பவுண்டு, மாதம் 600 பவுண்டு என்று வையுங்கள். 50 பவுண்டுக் கட்டு பன்னிரண்டு. கட்டு 8 டாலர் என்றால் 96 டாலர். தானியத் தீனி மூன்று மூட்டை, 75 டாலர். கீழே பரப்பும் மரச்சுருள் பன்னிரண்டு பை, 84 டாலர். ஆக, குதிரையின் வாயிலும் காலடியிலும் போவது 255 டாலர். கட்டணம் 650 என்று வையுங்கள். "மீதி 395 லாபம்தானே?" என்று தோன்றும். அப்படித் தோன்றியவர்கள் நடத்திய லாயங்கள்தான் அடிக்கடி கைமாறுகின்றன.

அறையைக் கூட்டி அள்ளி, இரண்டு வேளை தீனி வைத்து, மேய்ச்சலுக்கு விட்டுத் திரும்பக் கொண்டுவந்து கட்ட, ஒரு குதிரைக்கு நாளுக்கு அரை மணி நேரம் ஆகும். மாதம் 15 மணி. மணிக்கு 17 டாலர் என்றால் அதுவும் 255! தீனிக்கு எவ்வளவோ கூலிக்கும் அவ்வளவே. இதற்கு மேல் குத்தகை, இன்ஷூரன்ஸ், மின்சாரம், வேலி மராமத்து, சாணம் அகற்றுவது எல்லாம் சேர்த்துத் தலைக்கு 200. கூட்டினால் 710. வாங்குவது 650. ஒவ்வொரு குதிரையும் மாதம் 60 டாலரை நம் பையிலிருந்து எடுத்துத் தின்கிறது.

இது ஏன் பலருக்குத் தெரிவதில்லை? கூலியை அவர்கள் எழுதுவதே இல்லை. விடியற்காலையில் தாங்களே சாணம் அள்ளுகிறார்கள், மனைவி தீனி வைக்கிறாள், மகன் தண்ணீர் தூக்குகிறான். அந்த 255 டாலர் குடும்பத்தின் முதுகிலிருந்து வருகிறது. முதுகு வலி வந்து ஓர் ஆளை வைத்த மாதம்தான் உண்மை வெளியே வரும். எங்கள் நோட்டில் நான் சாணம் அள்ளும் நேரத்துக்கும் கூலி எழுதுகிறோம். என் கூட்டாளி முதலில் சிரித்தார். இப்போது என்னைவிடக் கறாராக எழுதுகிறார்.

ஒரு சிக்கலும் உண்டு. நஷ்டம் என்று சொல்லி ஓர் அறையைக் காலியாக விட்டால் மிச்சமாவது தீனியும் மரச்சுருளும் மட்டும்தான். குத்தகை குறையாது, வேலையாளின் சம்பளமும் உடனே குறையாது. நஷ்டத்தில் நிற்கும் குதிரைகூட 395 டாலரை அந்தப் பொதுச் செலவுக்குத் தருகிறது. ஆகவே விலையை உயர்த்தி நாலு பேர் போய்விட்டால் நிலைமை இன்னும் மோசம். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்பார்களே, வசதி கேட்கும்போது ஒரு முகம், கட்டணம் உயரும்போது வேறு முகம். நாங்கள் விலையை உயர்த்தியபோது இந்தக் கணக்குத் தாளையே நகலெடுத்து லாயச் சுவரில் ஒட்டினோம். ஒளிவுமறைவில்லை. இரண்டு பேர் போனார்கள். மீதிப் பேர் அந்தத் தாளைப் படித்துவிட்டு இருந்தார்கள். லாபம் என்று எதையாவது பார்ப்பது பயிற்சியிலும் வகுப்புகளிலும்தான். போர்டிங் கையைக் கடிக்காமல் இருந்தால் போதும்.

எஞ்சினியருக்கு அங்கே என்ன வேலை என்றால், கொட்டிக் கிடக்கிறது. உலர்புல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையிலேயே வருடத்துக்கு வேண்டியதை வாங்கியாக வேண்டும். இருபத்து நான்கு குதிரைக்கு 3,456 கட்டு, சொன்ன விலையில் இருபத்தேழாயிரம் டாலருக்கு மேல் ஒரே மூச்சில் வெளியே போகிறது. வாங்கிய புல்லில் ஈரம் 20 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் உள்ளே நுண்ணுயிர்கள் வேலை செய்து சூடு ஏறும். யாரும் தீக்குச்சி கிழிக்காமலே வைக்கோற்போர் பற்றிக்கொள்வது இப்படித்தான். புதுக் கட்டு வந்த முதல் சில வாரங்கள் நீண்ட கம்பித் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். 65 டிகிரி செல்சியஸ் தாண்டினால் தூக்கம் போயிற்று. 80-ஐ நெருங்கினால் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிட்டுத்தான் கட்டைத் தொட வேண்டும், காற்றுப் பட்டதும் பிடித்துக்கொள்ளும். புல்லைக் குதிரைகளின் தலைக்கு மேல் பரணில் அடுக்குவது அங்கே பழைய வழக்கம். நாங்கள் தனிக் கொட்டகையில் வைக்கிறோம்.

குளிர்காலத்தில் இன்னொரு போராட்டம். நமக்குக் குளிருகிறதே என்று எல்லோரும் ஜன்னலைச் சாத்துவார்கள். குதிரைக்கோ புல் செரிக்கும்போதே உடலுக்குள் அடுப்பு எரிகிறது. குளிரை அது தாங்கும். மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாவையும் தூசியையும் அதன் நுரையீரல் தாங்காது. பனிக்காலத்திலும் மணிக்கு நான்கு முதல் எட்டு முறை உள்காற்று மாற வேண்டும். கூரை முகட்டிலும் இறவாணத்திலும் திறப்பு விட்டு, வெப்பக் காற்று தானே மேலேறிப் போகும்படி செய்தேன். நம் தெர்மல் எஞ்சினியரிங் சார் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அவர் போட்ட மதிப்பெண்ணை இப்போதாவது திருத்துவாரா பார்ப்போம்.

சாணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். ஒரு குதிரை நாளுக்கு இருபத்திரண்டு கிலோ போடும். எங்கள் லாயத்தில் வருடத்துக்கு 190 டன்னுக்கு மேல். அதில் மரச்சுருள் சேரவில்லை.

சட்டம் பற்றியும் கொஞ்சம். குதிரையேற்றத்துக்கென்று இயல்பாக உள்ள ஆபத்தால் அடிபட்டால் லாயக்காரர் பொறுப்பல்ல என்று பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் இருக்கிறது. ஆனால் அறுந்துபோகும் சேண வாரைக் கொடுத்தாலோ, புதிதாய்க் கற்பவரை முரட்டுக் குதிரையில் ஏற்றிவிட்டாலோ அந்தச் சட்டம் காப்பாற்றாது. வரி இலாகாவுக்கும் ஒரு கண் உண்டு. குதிரை வளர்ப்பு, பயிற்சி, காட்சி, பந்தயம் இவற்றில் ஏழு வருடத்தில் இரண்டு வருடமாவது லாபம் காட்டினால், இதைத் தொழில் என்றே எடுத்துக்கொள்வார்கள். மற்றத் தொழில்களுக்கு ஐந்தில் மூன்று. குதிரையில் பணம் வருவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த அரசாங்கத்துக்கே தெரிந்திருக்கிறது!

ஒப்பந்தத்தில் எனக்கு முக்கியமாய்ப் படுவது கட்டணப் பகுதி அல்ல. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் ஏற்படும் கோளாறு, அதைக் காலிக் என்பார்கள், சில மணி நேரத்தில் உயிரைக் குடிக்கும். அறுவை சிகிச்சைக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும், பிழைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. உரிமையாளர் கிடைக்காதபோது யார் முடிவெடுப்பது? அதற்காக "அறுவை சிகிச்சை செய்யலாம், வேண்டாம்" என்று இரண்டு கட்டம் வைத்து, ஒவ்வொரு ஜனவரியிலும் கையெழுத்து வாங்குகிறோம். ஒரு பிப்ரவரி இரவு, பதினேழு வயதுக் குதிரை ஒன்று தரையில் புரண்டு புரண்டு எழுந்தது. டாக்டர் வந்து பார்த்து, குடல் முறுக்கிக்கொண்டிருக்கிறது, ஆபரேஷன் அல்லது ஊசி, இரண்டே வழி என்றார். உரிமையாளர் அம்மா விமானத்தில், கடல் மேல் பறந்துகொண்டிருந்தார். தாளில் "வேண்டாம்" கட்டத்தில் டிக். என் கூட்டாளி அந்தக் குதிரையைக் குட்டியிலிருந்து பழக்கியவர். தன் செலவில் மருத்துவமனைக்குக் கொண்டு போகிறேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரை வந்ததை நான் பார்த்தேன். சொல்லவில்லை. நாலு மணிக்கு ஊசி போடப்பட்டது. அந்த அம்மா வந்து இறங்கியதும் காலி அறையில் ரொம்ப நேரம் நின்றார். "நான் எழுதினபடிதான் செஞ்சீங்க" என்றார். மறு வருடம் தன் இரண்டாவது குதிரைக்கு "செய்யலாம்" கட்டத்தில் டிக் போட்டார். நாங்கள் காரணம் கேட்கவில்லை.

இன்னொரு கேள்வி, வயதான வகுப்புக் குதிரை. டெய்ஸி என்று ஒரு பெண் குதிரை, இருபத்து நாலு வயது. நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அதன் முதுகில்தான் கற்றார்கள். இப்போது மூட்டுவாதம், சம்பாத்தியம் கிடையாது. தீனியோ அதே தீனி. ஏலத்தில் விடலாமே என்பார்கள். அமெரிக்காவில் குதிரை அறுக்கும் கடைசித் தொழிற்கூடங்கள் 2007-ல் மூடப்பட்டன. ஆனால் ஏலத்தில் கேட்பாரற்றுப் போகும் குதிரைகள் லாரி ஏறி மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் போயின. ஆகவே ஏலம் என்று சொல்லும்போதே எங்கே அனுப்புகிறோம் என்று தெரிந்தேதான் சொல்கிறோம்.

லேத் மெஷினுக்குத் தேய்மானம் எழுதுகிறோம் அல்லவா? அதைத்தான் இங்கேயும் செய்தேன். ஒவ்வொரு வகுப்புக் கட்டணத்திலும் ஒரு பங்கு தனிக் கணக்குக்குப் போகிறது. எங்கள் வகுப்புக் குதிரை எது ஓய்வு பெற்றாலும் அதற்கு மேய்ச்சல் நில வாடகையும், லாடமில்லாத குளம்பை ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை சீவும் கூலியும், கடைசியில் அந்த ஊசிக்கான பணமும் அதிலிருந்து வரும். பக்கத்து லாயத்தைவிட எங்கள் வகுப்பு சில டாலர் அதிகம், காரணம் இதுதான் என்று பெற்றோரிடம் சொல்லிவிடுகிறோம். கேட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. டெய்ஸி இப்போது பின்பக்க மேய்ச்சலில், ஒரு கிழட்டுக் கழுதையோடு நிற்கிறது. இரண்டும் சண்டை போட்டுக்கொண்டே ஒரே புல்கட்டைத் தின்னும்.

நம் மாணவர்கள் யாராவது கொலம்பஸ் பக்கம் படிக்க வந்தால் அவசியம் வாருங்கள். சாம்பார் சாதம் உண்டு, குதிரையேற்றம் முதல் வகுப்பு இலவசம். ஹெல்மெட்டும் தருவோம். ஆனால் எவ்வளவு நெருங்கிய ஜூனியராக இருந்தாலும், பொறுப்பு விடுப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஏற விடுவேன்.