குழு சேர்ப்பது எளிது. கூடி நடத்துவது எப்படி?



கிணற்றில் ஏற்றம் இறைத்த காலம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். மேலே துலாவில் ஒருவர் ஏறி இறங்குவார். கீழே ஒருவர் சால் பிடித்துத் தண்ணீரைச் சாய்ப்பார். வயலில் ஒருவர் மடை திருப்புவார். மூவரில் ஒருவர் அசந்தாலும் பயிருக்குத் தண்ணீர் போகாது. யாருக்கு எந்த வேலை என்பதில் அங்கே குழப்பமே கிடையாது.

இன்றைக்கு நாம் குழுவாகச் சேர்ந்து இயந்திரம் வாங்குகிறோம்; கம்பெனிகூடத் தொடங்குகிறோம். தமிழக அரசு 2017-18ஆம் ஆண்டில் கூட்டுப்பண்ணையத் திட்டத்தைத் தொடங்கியபோது, 20 விவசாயிகள் ஓர் ஆர்வலர் குழு, அப்படி ஐந்து சேர்ந்து 100 பேர் கொண்ட ஓர் உற்பத்தியாளர் குழு என்று அமைத்து, அந்தக் குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி கொடுத்தது. பணம் வந்தது, இயந்திரமும் வந்தது. சில ஊர்களில் அந்த இயந்திரம் ஓயாமல் ஓடிச் சம்பாதித்தது. சில ஊர்களில் ஒருவர் வீட்டுக் கொட்டகையில் துருப்பிடித்து நின்றது. மண்ணும் மழையும் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். வித்தியாசம் கூடி வேலை செய்யும் பழக்கத்தில்தான்.

நான் வேலை பார்த்த ஒரு வட்டாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நிலக்கடலை போட்ட இருபது பேர் சேர்ந்து, தரகர் இல்லாமல் ஒரே லாரியாக எண்ணெய் ஆலைக்கு விற்றார்கள். முதல் தடவை நல்ல விலை கிடைத்தது. இரண்டாவது தடவை ஒருவர் வீட்டில் கல்யாணம். பண அவசரத்தில் சரியாகக் காயாத காயை மூட்டை கட்டிவிட்டார். ஆலைக்காரர் நாலு மூட்டையைக் குத்திப் பார்த்தார். ஈரம் தெரிந்தது. மொத்த லாரிக்கும் விலையைக் குறைத்துவிட்டார். "உன்னால் கெட்டது" என்று ஆரம்பித்த பேச்சு கைகலப்பு வரைக்கும் போனது. அடுத்த போகத்தில் ஆளுக்கொரு கமிஷன் மண்டி!

தப்பு யாருடையது? கல்யாண வீட்டுக்காரர் மேல் மட்டும் பழி போட முடியாது. மூட்டை ஏறுமுன் சோதிக்க ஓர் ஆள் அங்கே நியமிக்கப்படவில்லை. எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் இருந்தார்கள், ஒருவரும் பார்க்கவில்லை. நிலக்கடலைக் காயில் ஈரம் 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பூஞ்சாணம் பிடிக்கும். அஃப்ளடாக்சின் என்ற நஞ்சும் சேரும். காயைக் காதருகே குலுக்கினால் பருப்பு கலகலவென்று சத்தம் கொடுக்க வேண்டும். இதைச் செய்ய ஒரு நிமிஷம் ஆகுமா?

குஜராத்தில் ஆனந்த் பால்காரர்களுடைய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கெய்ரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் சங்கம் 1946 டிசம்பரில் பதிவானது. அதன் தலைவர் திரிபுவன்தாஸ் பட்டேல் கிராமம் கிராமமாகப் போய் விவசாயிகளைச் சேர்த்தார். 1949இல் ஆனந்துக்கு வந்த வர்கீஸ் குரியன் நம் சென்னையில் லயோலாவிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்தவர். நிர்வாகம் அவர் கையில். எருமைப்பாலைப் பவுடராக்க முடியாது என்று வல்லுநர்கள் சொன்னபோது, முடியும் என்று செய்து காட்டிய தொழில்நுட்பக்காரர் தலாயா. சனங்களைச் சேர்க்க ஒருவர், நிர்வாகத்துக்கு ஒருவர், இயந்திரத்துக்கு ஒருவர். ஒருவர் வேலையில் மற்றவர் மூக்கை நுழைக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தச் சங்கங்களில் ஊற்றும் பாலைக் கொழுப்புச் சத்துச் சோதித்துத்தான் பணம் கொடுத்தார்கள். தலைவர் வீட்டுப் பாலும் சோதனைக்கு வரும். ஒரு மாடு வைத்திருக்கும் விதவைத் தாயின் பாலும் வரும். "நம்பிக்கை இருந்தால் சோதனை எதற்கு சார்?" என்று கேட்கிறீர்கள். சோதனை இருப்பதால்தான் ஐயா நம்பிக்கை நிலைக்கிறது!

ஆகவே, உங்கள் குழுவுக்கு ஐந்து யோசனை சொல்கிறேன்.

ஒன்று, ஒரு வேலைக்கு ஓர் ஆள். எடை போட, தரம் பார்க்க, கணக்கு எழுத, விலை விசாரிக்க என்று தனித்தனியாகப் பெயர் எழுதுங்கள். பணத்தை வைத்திருப்பவரே கணக்கும் எழுதக் கூடாது.

இரண்டு, மாதம் ஒரு தேதியில் கூடி, வரவு செலவை எல்லோர் காதிலும் விழ உரக்கப் படியுங்கள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது பெரியவர்கள் வாக்கு. கணக்கு எழுதுவதில் கெட்டிக்காரர்களான மகளிரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று, இயந்திரம் யார் வயலுக்கு எப்போது என்ற முறையைப் பருவத்துக்கு முன்பே எழுதி ஒட்டுங்கள். மழை பெய்த அன்றைக்குப் பேச உட்கார்ந்தால் சண்டைதான் வரும். தலைவர் வயல் முதலில் என்பது வேண்டாம். வாடகையில் ஒரு பகுதியைப் பழுதுபார்ப்புக்கென்று தனியே ஒதுக்குங்கள்.

நான்கு, நஷ்டம் வந்தால் யார் எவ்வளவு தாங்குவது, சரக்குக் கெட்டிருந்தால் எப்படிக் கழிப்பது என்பதையும் முன்கூட்டியே தீர்மானம் போடுங்கள். அவசரப் பணத் தேவை யாருக்கும் வரும். விற்கும்வரை தாக்குப்பிடிக்கக் குழுப் பணத்திலிருந்து ஒரு சிறு முன்பணம் கொடுத்தால், ஈரக்காய் மூட்டையில் ஏறாது.

ஐந்து, ஆளுக்கு ஒரு வாக்கு. பத்து விவசாயிகள் சேர்ந்தால் உற்பத்தியாளர் கம்பெனி பதிவு செய்யலாம். அதில் ஒருவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் வாக்கு ஒன்றுதான் என்று சட்டமே சொல்கிறது. அன்றாட நிர்வாகத்துக்கு உறுப்பினர் அல்லாத ஒரு முழுநேர அலுவலரை நியமிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஐந்து ஏக்கர்காரரும் அரை ஏக்கர்காரரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேச வழி இதுதான்.

"இதெல்லாம் ஆபீஸ் சமாச்சாரம், நமக்கு வருமா?" என்று தயங்க வேண்டாம். மாற்றாள் வேலைக்குப் போய் நடவு நட்டவர்கள் நாம். ஏரியை ஊரே கூடிக் குடிமராமத்துச் செய்தவர்கள் நாம். புதிதாகச் சேர்க்க வேண்டியது ஒரு நோட்டும், அதை மாதாமாதம் படிக்கும் வழக்கமும்தான்.

அடுத்த விதைப்புக்கு முன்னால் ஒருநாள் மாலை கோயில் திண்ணையிலோ பள்ளிக்கூடத்திலோ கூடுங்கள். எந்த வேலை யாருக்கு என்று ஒரு தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகுங்கள்.